தூணுக்குப் புதுக் கால்

இராமநாதபுரம் சீமையில் மழை பெய்வது அபூர்வம். தேக்கு மரம் முளைப்பது அதைவிட அபூர்வம். பனை உண்டு, உடை உண்டு, கருவேல் உண்டு. கடற்கரைக்குப் போனால் தென்னையும் தாழையும் உண்டு. வீடு கட்ட வேண்டுமென்றால் பனஞ்சட்டத்தை வைத்து ஓலையை வேய்ந்துகொள்ள வேண்டியதுதான். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லைச் சுண்ணாம்போடு அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். உத்திரம் போடக் கனமான மரம் ஒன்று வேண்டுமென்றால் அது வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட சீமையில்தான், ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கைக்கு எட்டாத தேக்குத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும் வீடுகளை ஊருக்கு ஊர் கட்டினார்கள் என்றால், அதில் ஏதோ ஒரு கதை இருக்கத்தானே வேண்டும்?

நான் சொல்வது செட்டிநாட்டு வீடுகளை. "செட்டிநாடு சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் அல்லவா இருக்கிறது?" என்று வாசகர் கேட்கலாம். இன்றைய கணக்கில் அது சரிதான். ஆனால் 1910-ஆம் ஆண்டு முதல் 1985-ஆம் ஆண்டு வரை காரைக்குடியும் தேவகோட்டையும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தன. தேவகோட்டைக்காரர்களுக்குக் கடற்கரை என்றால் தொண்டிதான். இராமேசுவரம் போனால் தங்குவதற்கு அவர்களுடைய நகரத்தார் சத்திரம் இருக்கிறது. எல்லைக்கோட்டைச் சர்க்கார் எங்கே போட்டாலும், உப்புக்காற்று அந்தக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில் என் நண்பர் ஒருவர், தேவகோட்டைக்குப் பக்கத்திலுள்ள தம் பூர்வீக வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். வண்டி தெருவுக்குள் திரும்பியதும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. லாரி நிறையத் தூண்கள். பளபளவென்று கறுத்த தேக்குத் தூண்கள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. அவற்றின்மேல் ஒரு நிலைக்கதவு மல்லாந்து கிடந்தது. கதவின் உத்தரத்தில் செதுக்கியிருந்த கஜலட்சுமி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீடு" என்றார் நண்பர். "போன மாசம் பேசி முடித்தார்கள். அடுத்தது எங்கள் வீடுதான்."

அவர் குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. கலியாணத்துக்கு நாள் பார்த்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

*

இந்தத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்ப்போம்.

1852-ல் கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஐராவதி நதியின் முகத்துவாரச் சதுப்பு நிலங்களைத் திருத்தி நெல் விளைவிக்கப் பர்மியக் குடியானவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆங்கிலேய பாங்குகள் குடியானவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. நகரத்தார்கள் கொடுத்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து பாண்டிய நாட்டில் ஒன்பது கோயில்களைச் சார்ந்து குடியேறியவர்கள் என்று தங்கள் பூர்வீகத்தைச் சொல்லிக்கொள்ளும் இந்த வணிகர்கள், இலங்கை, பர்மா, மலேயா என்று கடைவைத்துக் கொண்டுவிற்றார்கள். சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவந்து வீடாகக் கட்டினார்கள்.

பர்மாவிலிருந்து வந்த செல்வங்களில் கண்ணுக்குத் தெரிவது தேக்கு. அந்த மரத்தை வெட்டுவதிலேயே ஒரு பொறுமை உண்டு. காட்டில் நிற்கும் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே செத்து, இரண்டு மூன்று வருஷம் காய வேண்டும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். காய்ந்த தேக்குத்தான் மிதக்கும். பிறகு அதை வெட்டி, யானைகளை விட்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளம் வரும்வரை காத்திருந்து, தெப்பமாகக் கட்டி ஐராவதியில் விட்டால் அது ரங்கூன் வந்து சேரும். அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து கரை, கரையிலிருந்து மாட்டுவண்டி! ஒரு தூண் நம் வீட்டு வளவில் நிமிர்ந்து நிற்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடும்.

தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் அதை லேசில் தொடாது. உப்புக்காற்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. இந்தச் சீமைக்கென்றே கடவுள் செய்து, விலாசம் மாறிப் பர்மாவில் நட்டுவிட்டாரோ என்று தோன்றும்.

வீட்டின் அமைப்பும் அந்த மரத்துக்குத் தகுந்ததுதான். தெருவிலிருந்து முகப்பு, திண்ணை. அதைத் தாண்டினால் நிலைவாசல். அப்புறம் வளவு. நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் இரு பக்கமும் அறைகள். கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் அந்த அறைகளில் ஒரு பங்கு. அவன் புள்ளி தனி, அடுப்பும் தனி. ஆனால் முற்றம் பொது, வாசல் பொது, சுவாமி பொது. அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை வீடு நீளும். சுவருக்குச் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து மெழுகிய பூச்சு. தரைக்கு ஆத்தங்குடிக் கல். கோடையில் அந்தத் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் எழுந்திருக்க மனம் வராது.

1930-களில் உலகமெங்கும் நெல் விலை சரிந்தது. கடன்பட்ட குடியானவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நிலம் கடன் கொடுத்தவர்களின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் நகரத்தார்களிடம் இருந்தது. பர்மியருக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியமில்லை. நம் ஊர்த் தூணைத் தடவிப் பார்த்து மகிழ்கிறவர்கள், அந்தத் தூணுக்குப் பின்னால் நிலம் இழந்த ஒரு பர்மியக் குடியானவன் நிற்கிறான் என்பதையும் மறக்கக் கூடாது. சரித்திரத்தில் இலவசமாக வருவது எதுவுமில்லை.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து வந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். யுத்தம் முடிந்து, 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. நிலங்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் போயின.

பணம் வந்த வழி அடைபட்டது. வீடுகள் மட்டும் நின்றன.

*

நண்பரின் வீட்டில் அவருடைய பெரியாத்தாள் ஒருவர்தான் குடியிருந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். நாற்பது அறை வீட்டில் ஓர் அறையில் அவர் படுக்கை. வளவில் இரண்டு தூண்களுக்கு நடுவே அவருடைய உலகம்.

"வாங்க தம்பி, எழுதுறவங்கன்னு சொன்னான். உக்காருங்க. மோர் குடிக்கிறீகளா?" என்று உபசரித்தார்.

நண்பர் விஷயத்தை எனக்கு விளக்கினார். வீட்டுக்குப் பங்காளிகள் இருபத்தேழு பேர். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று பரந்திருக்கிறார்கள். வீட்டை ரிப்பேர் செய்ய வேண்டுமென்றால் இருபத்தேழு பேரும் சம்மதித்துப் பணம் போட வேண்டும். ஒருவர் போட்டால் இன்னொருவர் போடமாட்டார். விற்பதென்றால் அந்தச் சிக்கல் குறைவு.

"வீட்டை இருபத்தேழாகப் பிரிக்க முடியாது. தூணை எண்ணிப் பிரித்துக்கொள்ளலாம், பாருங்கள்!" என்று சிரித்தார்.

சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் செட்டிநாட்டு வீடுகள் மறைவதற்கான காரணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவுக்குப் போனால் மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளலாம். கடைக்குக் கடை கதவு, தூண், பெட்டி, ஊஞ்சல் பலகை, எனாமல் பாத்திரம். ஒரு குடும்பத்தின் நூறு வருஷ வாழ்க்கை அங்கே சாமான் சாமானாகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

பெரியாத்தாள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு முற்றத்து மூலையிலிருந்த ஒரு தூணைக் காட்டினார். மேலே மழைத்தண்ணீர் போகும் தூம்பு எப்போதோ அடைத்துக்கொண்டு, தண்ணீர் வருஷக்கணக்காக அந்தத் தூணின் அடியிலேயே விழுந்திருக்கிறது. கல் பீடத்துக்கு மேலே ஒரு முழ உயரம் தூண் உளுத்துப் போயிருந்தது. விரலை வைத்தால் பொடியாக உதிர்ந்தது.

"இதுதான் தம்பி சாக்கு. ஒரு தூணு போச்சு, வீடே போச்சுங்கிறாக. எனக்குங் கூடத்தான் முழங்கால் போச்சு. தூக்கியா போட்டுட்டாக?" என்றார்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ ஜப்பானின் நினைவு வந்தது.

*

பர்மா வழியை அடைத்த அதே ஜப்பானைப் பற்றித்தான் சொல்கிறேன். யுத்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மரவீட்டை எப்படிக் காப்பது என்று கேட்டால், உலகத்தில் பலரும் அவர்களைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். அங்கே பூகம்பம் உண்டு, புயல் உண்டு, பேய்மழை உண்டு. இவற்றுக்கு நடுவே நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயிலில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரக்கட்டிடங்கள் இன்றும் நிற்கின்றன. உலகில் நிற்கும் மரக்கட்டிடங்களில் அவையே மிகப் பழையவை என்று சொல்கிறார்கள்.

எப்படி நிற்கின்றன? தொடாமல் வைத்ததனால் அல்ல. அடிக்கடி தொட்டதனால்தான்! சில நூறு வருஷங்களுக்கு ஒருமுறை கட்டிடத்தை முழுவதும் பிரித்துவிடுவார்கள். ஆணியை நம்பாமல், கழுந்தும் துளையும் வைத்துப் பூட்டிய கட்டிடமாதலால் பிரிக்க முடிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுவார்கள். உளுத்த பாகத்தை மட்டும் வெட்டி நீக்கி, அதே ஜாதி மரத்தில் புதுத் துண்டு செய்து பொருத்துவார்கள். பிறகு பழையபடி பூட்டிவிடுவார்கள். புதுத் துண்டில் அது எந்த வருஷம் வைத்தது என்று சூட்டுக்கோலால் முத்திரையும் போட்டுவிடுவார்கள். பின்னால் வருகிறவனை ஏமாற்றக் கூடாது அல்லவா?

தூணின் அடி உளுத்துவிட்டால் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. மேல்பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, கெட்டுப்போன அடியை அறுத்து எடுக்கிறார்கள். புது மரத்தில் ஒரு கால் செய்து, பழைய தூணும் புதுக் காலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி இணைக்கிறார்கள். பழைய தூண் புதுக் காலில் நின்று இன்னும் நூறு வருஷம் பாரம் சுமக்கிறது.

இவ்வளவு கெட்டிக்காரர்களுக்கும் விபத்து வராமலில்லை. 1949 ஜனவரி 26-ஆம் தேதி, பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஹோர்யூஜியின் பொன்மண்டபத்தில் தீப்பிடித்தது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் கருகிவிட்டன. மேல்தளத்தை முன்பே பிரித்து வைத்திருந்ததால் அது தப்பியது. தேசம் முழுவதும் திடுக்கிட்டது. மறு வருஷமே, 1950-ல், கலைச் செல்வங்களைக் காக்கப் புதிய சட்டம் செய்தார்கள். கருகிய தூண்களை எறியவில்லை. கரியோடு கரியாக இன்றும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இசே என்ற இடத்து ஆலயத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதை 20 வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். உள்நாட்டுச் சண்டைகளால் நடுவே தடைபட்டதைத் தவிர, ஆயிரத்து முந்நூறு வருஷமாக இந்த வழக்கம் நடக்கிறது. 2013-ல் நடந்தது 62-ஆவது தடவை. பிரித்த மரம் வீணாவதில்லை. கோயிலின் பெரிய தூண்கள் ஆலயத்துப் பாலத்தின் வாயில் தோரணமாகி 20 வருஷம் நிற்கும். அப்புறம் வேறு ஊர்களின் தோரணமாக இன்னொரு 20 வருஷம். மற்ற மரங்கள் வேறு ஆலயங்களுக்குப் போகின்றன. கட்டிடம் புதிது, கட்டும் கை பழையது. அப்பனோடு ஒருமுறை கட்டிய தச்சன் மகனோடு ஒருமுறை கட்டுவான், வித்தை அறுபடாது. மரமும் அறுபடக் கூடாதென்று 1923-ல் திட்டம் போட்டுக் காடு வளர்க்கிறார்கள். அந்தக் காடு முழுப் பயன் தர 200 வருஷமாகுமாம்! நட்டவன் பேரனுக்குப் பேரனும் பார்க்கமாட்டான்.

யொகொஹாமா நகரில் ஹாரா என்ற ஒரு பட்டு வியாபாரி இருந்தார். நம் செட்டியார்களைப்போல வாணிபத்தில் சம்பாதித்தவர். கேட்பாரற்று அழியவிருந்த பழைய மரக்கட்டிடங்களை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, தம் தோட்டத்தில் மறுபடி பூட்டி நிறுத்தினார். கியோட்டோப் பக்கத்து ஐந்நூறு வருஷப் பழமையான மூன்றடுக்குக் கோபுரமும் அவற்றில் ஒன்று. 1906-ல் அந்தத் தோட்டத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்.

ஜப்பானில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கும் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி புதிதும் பழையதுமாக ஏறக்குறைய 90 லட்சம் வீடுகள் அங்கே காலியாகக் கிடக்கின்றன. பழைய கிராமத்து வீடுகள் சிலவற்றைச் சாப்பாட்டுக் கடையாகவும் விடுதியாகவும் மாற்றி உயிர் கொடுக்கிறார்கள். மற்றவை மெல்ல விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே இது அவர்கள் உயர்ந்தவர்கள், நாம் தாழ்ந்தவர்கள் என்கிற கதை அல்ல. இரண்டு ஊருக்கும் ஒரே வியாதி. அவர்கள் கொஞ்சம் முந்தி மருந்து தேடினார்கள், அவ்வளவுதான்.

*

நம் பக்கத்திலும் மருந்து தேடியவர்கள் இல்லாமலில்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய பாடம். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் சில வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் ஐக்கிய நாடுகளின் உலகப் பாரம்பரியத் தாற்காலிகப் பட்டியலிலும் ஏறின.

இவற்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். தூணைப் பட்டணத்து ஓட்டலுக்கு விற்பது கடைசி. அங்கே அது அலங்காரம். ஒரு பாரமும் தாங்காத தூண், வேலையில்லாத மனிதனைப்போல. வீட்டை முழுதாகப் பிரித்து இன்னோரிடத்தில் பூட்டுவது அதைவிட மேல். நின்ற இடத்திலேயே நின்று, அதில் நாலு பேர் புழங்குவதுதான் எல்லாவற்றிலும் மேல்.

ஏனென்றால் வீட்டைக் காப்பது பூட்டு அல்ல, புழக்கம். ஜப்பானியக் கிராமத்து வீட்டில் நடுக்கூடத்து அடுப்பின் புகைதான் கூரைப் புல்லையும் மரத்தையும் பூச்சி அரிக்காமல் காத்தது. நம் ஓலைக்கூரைக்கும் அடுப்புப் புகைதான் காவல். ஆள் இருந்தால் தூம்பு அடைத்தது தெரியும். ஓடு நகர்ந்தது தெரியும். கரையான் புற்று ஒரு விரற்கடை ஏறும்போதே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் அது உத்திரம்வரை ஏறியபிறகுதான் தெரியும்.

சந்தேகமிருந்தால் தனுஷ்கோடிக்குப் போய்ப் பாருங்கள். 1964 டிசம்பரில் புயல் ஒரே இரவில் அந்த ஊரை அழித்தது. பவளக்கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. மாதாகோயில் சுவர் நிற்கிறது. ஆனால் கூரை இல்லை, கதவு இல்லை. கல் தனியாக நின்று தாக்குப்பிடிக்கும். மரத்துக்கு மனிதன் துணை வேண்டும்.

*

அன்று சாயங்காலம் நண்பர் ஓர் ஆசாரியாரை அழைத்து வந்தார். எழுபது வயதிருக்கும். தூணைச் சுற்றி வந்தார். சுத்தியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோலவே இருந்தது.

"ஒண்ணரை முழம்தாங்க போயிருக்கு. மேல வைரம் அப்படியே இருக்கு. முட்டுக் குடுத்து அடியை அறுத்துட்டு, பழைய தேக்கில ஒரு கால் செஞ்சு கவ்வ விட்டுடலாம்" என்றார்.

நான் அசந்துபோனேன். "இந்த முறையை எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா செய்வாரு. தேர்க்காலுக்கும் வள்ளத்துக்கும் இப்படித்தானே ஒட்டுப் போடுறது? என்ன, கேக்கத்தான் ஆளில்லை. என் பையன் பிளைவுட் வேலைக்குப் போறான்" என்றார் அவர்.

ஜப்பானியரின் தச்சுக் கலைகளை 2020-ல் ஐக்கிய நாடுகளின் சபை உலகத்தின் பாரம்பரியச் செல்வம் என்று ஏற்றுக்கொண்டது. இங்கே அதற்கு ஒப்பான ஒரு வித்தை தேவகோட்டைத் தெருவில், கூப்பிட ஆளில்லாமல், எழுபது வயதில் நடமாடிக்கொண்டிருந்தது. வீடுகள் போனால் தூண்கள் போகும் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். தூணுக்குக் கால் வைக்கத் தெரிந்த கையும் கூடவே போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. தூணைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். கையை எங்கே போய் வாங்குவது?

நண்பர் அந்தத் தூணுக்கு மட்டும் தம் சொந்தச் செலவில் கால் வைத்துக் கொடுத்தார். பத்து நாள் வேலை. இணைத்த இடம் தெரிந்தது. புதுத் துண்டு வெளிறி, பழையது கறுத்து. "மெழுகு போட்டு மறைச்சிடவா?" என்று ஆசாரியார் கேட்டாராம். பெரியாத்தாள் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "தெரியட்டும். யாரோ ஒருத்தன் பாத்துக்கிட்டான்னு தெரியட்டும்" என்றாராம்.

வீடு தப்பிவிட்டதா என்று வாசகர்கள் கேட்பீர்கள். இருபத்தேழு பேரில் ஒருவர் தூணுக்குக் கால் வைத்திருக்கிறார். மற்ற இருபத்தாறு பேருக்கும் அந்தத் தூணின் படத்தை அனுப்பியிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து ஒரு பங்காளி, வருகிற படைப்புக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், தூம்பைச் சரிசெய்யும் செலவு தம்முடையது என்றும் எழுதியிருக்கிறாராம். மற்றவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

பெரியாத்தாள் மட்டும் இப்போதெல்லாம் அந்த மூலைத் தூணில்தான் சாய்ந்து உட்காருகிறாராம்.